பொன்னிக்கு ஒரு மடி

1. மேஜைக்கு அடியில்

நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஜில்லா போர்டு நடத்திய மெட்டர்னிட்டி சென்டரில் நான் மிட்வைஃபாகச் சேர்ந்த முதல் நாளே ஹெல்த் ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துவிட்டார். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தைய சங்கதி இது. சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் நான் குடியிருக்க ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு கட்டில், கத்திரி கொதிக்கவைக்க ஒரு ஸ்டவ், இரண்டு எனாமல் பேசின், லைசால் பாட்டில், டெலிவரி பை. ஆயா போஸ்ட் ஒன்று சாங்க்‌ஷன் ஆகியிருந்தது. ஆள்தான் நான் ரிடையர் ஆகும்வரை வந்து சேரவில்லை.

ஆபீசர் பேசினைத் தட்டிப் பார்த்தார். கத்திரியைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

"மேஜைக்கடியில என்ன அது?"

"என் பொண்ணு சார்."

பொன்னிக்கு அப்போது மூன்று வயது. மூங்கில் கூடையில் பழஞ்சேலை பரப்பிப் படுக்கவைத்திருந்தேன். கழுத்து நிற்காது, உட்கார வராது, பேச்சு இல்லை. கை கால் திடீர் திடீரென்று விறைத்துக்கொள்ளும். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். கண் மட்டும் ஒன்றையும் விடாது. அன்றைக்கு அவள் ஆபீசரின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வியாதி இதுக்கு?"

"வியாதி இல்ல சார். பொறக்கறப்ப மூச்சு வர லேட்டாயிடுச்சு."

"எதுவா இருந்தா என்ன? கர்ப்பிணிங்க வந்து போற எடம் இது. இப்படி ஒரு பிள்ளையை வெச்சிருந்தா எவ வருவா? போர்டு என்ன அனாதை ஆசிரமமா நடத்துது?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அனாதைன்னு யாரைச் சொல்றீங்க சார்? பெத்தவ நான் உங்க எதிர்லதானே நிக்கறேன்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. மிட்வைஃப் டிரெயினிங்கில் குழந்தையைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் 'எஸ் சார்' சொல்லத்தான் கற்றுக்கொடுப்பார்கள். அந்தப் பாடத்தில் நான் அப்போதே தேறாதவள்.

"சீக்கிரமா ஒரு ஏற்பாடு பண்ணிக்குங்க. இல்லைன்னா நாங்க வேற ஆள் போட்டுக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஏற்பாடு பண்ணிக்கொள்வதாம்! பாய் வாங்குவது, பானை வாங்குவது மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

நான் இந்த வேலைக்கு வந்ததே பொன்னியால்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் புருஷன் துணிக்கடையில் வேலையாக இருந்தார். எனக்கு வலி எடுத்து நெடுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கத்தினேன். "ஆம்பளை டாக்டர் பார்ப்பான், மானம் போயிடும்" என்று மாமியார் வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பொன்னி நீலம் பாரித்துப் பிறந்தாள். அவள் அழ ஆரம்பிப்பதற்குள் அங்கே இருந்தவர்கள் அழுது முடித்திருந்தார்கள். மாதங்கள் ஆகியும் கழுத்து நிற்காததைப் பார்த்துவிட்டு என் புருஷன் கோயமுத்தூர் மில்லுக்கு வேலை தேடிப் போனார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு டிரெயினிங்கில் சேர்ந்தேன். எனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது என்ற வெறி. டிரெயினிங் முடிந்த கையோடு அம்மா காலமாகிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மேஜைக்கடியில் கூடை வந்தது.

2. எங்கே கொண்டுபோய் விடுவது

ஆபீசர் சொன்ன பிறகு லீவு போட்டுக்கொண்டு பொன்னியைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். வேலை போனால் எங்கள் இருவருக்கும் கஞ்சி இல்லை. வேலை நிலைக்க வேண்டுமானால் நான் பிரசவத்துக்குப் போகும் நேரத்தில் இவளைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும்.

முதலில் அண்ணன் வீடு. செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அண்ணி பொன்னியைப் பார்த்ததுமே தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மரகதம், நல்லதுக்குத்தான் சொல்றேன். கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுக்கிட்டே வா. அது பாட்டுக்கு அடங்கிடும். அதுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை."

"உங்களுக்கு ஒரு வேளை சோறு லேட்டானா அண்ணி மேல தட்டை வீசறீங்க. என் பொண்ணுக்குக் கஞ்சியைக் கொறைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். உடன்பிறப்பாவது மண்ணாங்கட்டியாவது! அந்தப் படியை அப்புறம் நான் மிதிக்கவே இல்லை.

அடுத்து, ஊருக்கு வெளியே இருந்த ஒரு மிஷன் விடுதி. அதை நடத்திய வெள்ளைக்கார அம்மாள் நல்ல மாதிரி. பொன்னியின் கன்னத்தைத் தொட்டுப் பேசியவர் அந்தச் சேலம் பயணத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் பேச்சு இப்படி இருந்தது: "கண் தெரியாத குழந்தை என்றால் படிப்பு சொல்லிக்கொடுப்போம். காது கேட்காத குழந்தை என்றால் தொழில் சொல்லிக்கொடுப்போம். இந்தக் குழந்தைக்கு நாங்கள் என்ன சொல்லிக்கொடுப்பது?"

"கத்துக்கிட்டாத்தான் சேத்துக்குவீங்களாம்மா?" என்றேன். அவர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். கையில் இரண்டு பிஸ்கட் கொடுத்தார். பொன்னிக்கு அதை மெல்லவும் வராது.

எனக்கு டிரெயினிங் கொடுத்த ஆஸ்பத்திரிக்கும் போனேன். தூரத்தில் ஒரு விடுதி இருக்கிறது, புத்தி பேதலித்த பெரியவர்களோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள், எழுதித் தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். "அப்ப என்னதான் வேணும் உனக்கு?" என்று சலித்துக்கொண்டார் ஒருவர்.

நாமக்கல் பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு என்னதான் வேண்டும்? பிள்ளையைத் தலைமுழுக ஒரு இடம் தேடியா அலைந்தேன்? எல்லோரும் நான் அதைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் சரியாகச் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது ஒரு பிரசவம் முடிகிற நேரத்துக்கு ஒரு மடி. அவ்வளவுதான். அந்த மடிக்குச் சேலத்தில் தேடி என்ன பிரயோஜனம்? நான் பிரசவம் பார்க்கிற ஊரில் அல்லவா தேட வேண்டும்!

3. பண்ணையக்காரர் வீட்டு வாசல்

ஊரில் தேடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. மாசமாக இருப்பவள் கண்ணில் இப்படிப்பட்ட பிள்ளை பட்டால் வயிற்றில் இருப்பதும் அப்படியே பிறக்கும் என்பது அங்கே அசைக்க முடியாத நம்பிக்கை. பொன்னியைச் சேலையில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு பிரசவக் கேஸுக்குப் போனால், தெருவில் நடக்கும்போதே கதவுகள் சாத்திக்கொள்ளும். "நர்சம்மா மட்டும் வாங்க, புள்ள வேண்டாமுங்க" என்பார்கள். கேஸ் குறைந்தது. கேஸ் குறைந்தால் போர்டு சென்டரை மூடிவிடும்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் பண்ணையக்காரர் வீட்டு வண்டி வந்து நின்றது.

"நர்சம்மா, எங்க பண்ணையக்காரர் ஊட்டு மருமவளுக்கு நேத்துப் புடிச்சு வலிங்க. வெரசா வாங்க" என்றார் வண்டிக்காரர்.

பையை எடுத்தேன், பொன்னியையும் எடுத்தேன். தோட்டத்துக்குள் இருந்தது அவர்கள் வீடு. வாசலில் மாமியார் பாவாயம்மா நின்றுகொண்டிருந்தார். ஆள் வாட்டசாட்டம். அந்த வீட்டில் பண்ணையக்காரர் பேர்தான் பெரிது, பேச்சு பாவாயம்மாவுடையது.

"ஏனுங்க நர்சம்மா, அந்தப் புள்ளைய எதுக்குங்க தூக்கியாந்தீங்க? உள்ளார கொண்டுட்டுப் போவப்படாதுங்க. வண்டியிலயே உட்டுட்டு வாங்க."

"மாடு பூட்டியிருக்குதுங்க. மாடு மெரண்டா புள்ள கீழ உழுந்துரும்."

"அப்பப் பட்டியில படுக்க வைங்க. நெழலாத்தான் இருக்குது."

"ஆட்டுப்பட்டியில போடறதுக்கு அது ஆட்டுக்குட்டி இல்லீங்க."

உள்ளே இருந்து மருமகளின் குரல் கேட்டது. அது நல்ல குரல் இல்லை. கேட்ட மாத்திரத்தில் எனக்குக் கால் பரபரத்தது. உள்ளே கிடப்பவளை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிற எண்ணம் எனக்கு ஒரு கணமும் கிடையாது. ஆனால் அது பாவாயம்மாவுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று மரம் மாதிரி நின்றேன்.

"தரையில போட மாட்டேனுங்க. மடியில வாங்கிக்க ஒரு ஆள் குடுங்க. நான் உள்ள போறேன்."

பாவாயம்மா திரும்பிப் பார்த்தார். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி தன் மகள் மாசமாக இருக்கிறாள் என்றாள். ஒருத்தி கோயில் நோம்பிக்கு விரதம் என்றாள். ஒருத்தி ஒன்றுமே சொல்லாமல் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். மற்றவர்களுக்கு அந்த நேரம் பார்த்து வானத்தில் ஏதோ தெரிந்தது. உள்ளே மறுபடியும் அந்தக் குரல்.

"குடுத்துத் தொலைங்க!" என்று பாவாயம்மா இரண்டு கையையும் நீட்டினார்.

கழுத்துக்கு அடியில் எப்படிக் கை கொடுக்க வேண்டும், விறைத்துக்கொண்டால் எப்படி முழங்காலை மடக்கிப் பிடிக்க வேண்டும் என்று ஓடுகிற ஓட்டத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. எப்படியோ விலக்கி எடுத்தேன். எடுத்த பிள்ளை நீலம். அழவில்லை. வாயில் இருந்த சளியைத் துடைத்தேன். இரண்டு பேசினிலும் தண்ணீர், ஒன்றில் சூடு, ஒன்றில் பச்சைத் தண்ணீர். மாற்றி மாற்றி முக்கினேன். முதுகைத் தேய்த்தேன். வாயோடு வாய் வைத்து மெதுவாக ஊதினேன். ஊதி ஊதிப் பார்த்தேன். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வீடே அதிர அழுதான்.

நானும் அழுதேன். பொன்னி பிறந்தபோது இதைச் செய்ய ஒரு கை இருந்திருந்தால் என்று நினைத்தேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, கொடியைக் கட்டிக்கொண்டே அழுதேன்.

எல்லாம் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் பாவாயம்மாவைக் காணோம். பொன்னியையும் காணோம். இரண்டு பேரும் எங்கே என்று கேட்டேன். "அம்மா கெணத்துமேட்டுல இருக்கறாங்க" என்றாள் ஒருத்தி. கிணற்றுமேடு என்றதும் என் கால் தரையில் பாவவில்லை, ஓடினேன்.

கிணற்றில் எருது கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. எருதுகள் சரிவில் இறங்கும்போது தோல் சால் தண்ணீரோடு மேலே வரும், தொட்டியில் கொட்டும். எருதுகள் பின்னால் ஏறும்போது சால் மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கும். தொட்டியிலிருந்து தள்ளி வேப்பமர நிழலில் பாவாயம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பொன்னி. சால் கொட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரிப்பில் உடம்பே குலுங்கியது. என்னிடம்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"பேரன் பொறந்திருக்கறானுங்க. தாயும் புள்ளையும் சுகம்" என்றேன்.

"நல்லாருக்கட்டும் சாமி" என்று கையை எடுத்துக் கும்பிட்டார். கண் நிறைந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வந்து பாருங்க, வாங்க."

"இருங்க நர்சம்மா. இன்னொரு சால் ஏறட்டும். இது சிரிக்கறதைப் பாருங்க!"

4. தண்ணி முறை

அன்றைக்குச் சேலையும் தேங்காய் பழமும் தட்டில் வைத்து நீட்டினார்கள். போர்டு சிப்பந்தி எதையும் வாங்கக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் எனக்கு வேண்டியது அது இல்லை.

"சேலை வேண்டாமுங்க. நான் கேஸுக்குப் போற நேரத்துக்கு இவளைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. அது போதும்" என்றேன். பாவமாகக் கேட்கவில்லை. கடன் கொடுத்தவள் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

பாவாயம்மா யோசித்தார். "நாங்க ஒரு நா வெச்சுக்குவோம். மறுநா எங்களுக்குக் கெணத்துல வேலை இல்லீங்களே, அன்னிக்கு?"

அந்தக் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு நாள் பாவாயம்மா வீட்டு எருது கட்டும், மறுநாள் பங்காளி வீட்டு எருது கட்டும். பங்காளி வீட்டு முத்தாயி, முறைக்குப் பாவாயம்மாவின் ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் ஏதோ வரப்புத் தகராறில் நெடுநாளாகப் பேச்சு இல்லை. தண்ணீர் முறையில் மட்டும் ஒரு குறை வராது. பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறை முறைதான் அந்தச் சீமையில்.

"அந்த ஊட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. ஆருக்குத் தண்ணி முறையோ அவங்களுக்குப் புள்ளையும் முறை. கெணத்துமேட்டுல எப்படியும் ஆள் இருக்கும். புள்ளைக்கும் சால் பார்க்கோணும்" என்றார் பாவாயம்மா.

முத்தாயியிடம் போய்ச் சொன்னேன். அவள் ஒல்லியான ஆள், வெடுக்கென்று பேசுவாள். "அந்த ஊட்டுல வெச்சுக்கறாங்களா? அப்ப நாங்க மட்டும் என்னுங்க எளப்பமா? கொண்டாங்க" என்றாள். இரக்கத்தில் ஒத்துக்கொண்டாளா ரோஷத்தில் ஒத்துக்கொண்டாளா என்று நான் ஆராயவில்லை. எனக்கு மடி வேண்டும், வந்தது.

அதிலிருந்து கிணற்று முறை யாருக்கோ, பொன்னியும் அவர்களிடம் போனாள். ஊர் பேசாமல் இருக்குமா? பேசியது. மாசமாக இருந்தவர்கள் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே வரவில்லை. பாவாயம்மா பேரன் மூக்கும் முழியுமாகத் தவழ்ந்து வந்து பொன்னியின் தலைமயிரைப் பிடித்து இழுப்பதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு தானாகக் குறைந்தது. கடலை பிடுங்கும் காலத்தில் இரண்டு வீட்டுக்காரர்களும் காட்டில் இருப்பார்கள். கூலிக்கு வந்த பெண்கள் கையில் பொன்னி மாறி மாறிப் போவாள். யார் பிள்ளையை யார் தொடலாம் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. பொன்னி எல்லோர் மேலும் ஒரே மாதிரி எச்சில் ஒழுக்கினாள்.

வாய்க்கால் மணலில் இடுப்பளவு குழி தோண்டி அதில் அவளை நிற்கவைத்தது முத்தாயி. நாள் போகப் போகக் கழுத்து நின்றது. அவ்வளவுதான். நடந்தாள், பேசினாள் என்று கதை கட்ட மாட்டேன். கடைசிவரை நடக்கவும் இல்லை, பேசவும் இல்லை. நடந்தால்தான் பிள்ளை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

சென்டரில் கேஸ் ஏறியது. நான் நிம்மதியாகப் பையை எடுத்துக்கொண்டு போனேன், வந்தேன்.

5. விசாரணை

நிம்மதி யாருக்காவது கண்ணை உறுத்தும்போலிருக்கிறது. யாரோ ஆபீசரிடம் புகார் சொல்லிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அதே ஆபீசர் ஒரு நாள் பிற்பகலில் வந்து இறங்கினார்.

"பிரசவம் பார்க்கணும்னா என் பிள்ளையைப் பார்த்துக்கணும்னு பொதுஜனங்களை நீங்க வற்புறுத்தறதா புகார். சொந்த வேலை வாங்கறீங்களாம். நிஜமா?"

"கேட்டேன் சார். வற்புறுத்தலை."

"கேக்கறதுக்கும் வற்புறுத்தறதுக்கும் என்னம்மா வித்தியாசம்? பிரசவ நேரத்துல நர்ஸ் கேட்டா எவ மாட்டேன்னு சொல்வா? நிஜம்னு தெரிஞ்சா சஸ்பெண்ட் பண்ண வேண்டி வரும். பிள்ளை இப்ப எங்க?"

"கெணத்துமேட்டுல சார்."

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். உள்ளுக்குள் எனக்கு உதைத்துக்கொண்டுதான் இருந்தது. பாவாயம்மாவின் கையை நீட்ட வைத்தது நான் நின்ற நிலைதான் என்பது எனக்கும் தெரியும். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னால் என் வேலை போய்விடும்.

வேப்பமரம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே சத்தம் காதில் விழுந்தது. இரண்டு பெண்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளைக்குத்தான் நாங்க பொறுத்துட்டுப் போறதுங்க?" அது முத்தாயியின் குரல். "இந்தப் புள்ள விசயத்துல இன்னிக்கு ஒரு முடிவு தெரியாம நான் உட மாட்டேன்!"

ஆபீசர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா?" என்றார்.

கேட்டேன். எத்தனை நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு சகித்தார்களோ என்று நினைத்தபோது எனக்கு உடம்பு கூசியது. அடுத்த நொடியே கோபம் வந்தது. சரி, போகட்டும். யார் தயவும் வேண்டாம். வேலை போனால் சேலத்தில் பாத்திரம் தேய்த்தாவது என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன். விடுவிடுவென்று போய் அவர்கள் நடுவில் நின்றேன். பொன்னி பாவாயம்மாவின் இடுப்பில் இருந்தாள்.

"குடுங்க என் பொண்ணை! இனிமே யாரும் பொறுத்துக்க வேண்டாம். நான் தூக்கிட்டுப் போறேன்" என்று கையை நீட்டினேன்.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சும்மா இருங்க நர்சம்மா!" என்று அதட்டினாள் முத்தாயி. "இது எங்க முறைச் சண்டை. இதுல உங்களுக்குப் பேச்சே இல்லை!"

"முறைச் சண்டையா?"

"பின்ன என்னுங்க? இன்னிக்கு எங்க முறை. இவங்க எருதுக்கு நேத்து லாடம் கட்டோணும்னாங்க, முறைய மாத்திக் கேட்டாங்க. சரின்னு நேத்து எங்க ஊட்டு ஆம்பளைங்க எறைச்சாங்க, இன்னிக்குத் தண்ணிய அவங்களுக்கு உட்டோம். தண்ணியத்தானுங்க மாத்தினோம்? புள்ளைய மாத்தினமா? நேத்து நான் கல்யாணத்துக்குப் போவோணும், புள்ளைய அவங்களே வெச்சிருந்தாங்க. இன்னிக்கும் அவங்களே வெச்சிருக்கறாங்க! போன மாசமும் இப்படித்தான் ஏமாத்திப்போட்டாங்க. கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஆத்தி வெச்சுட்டுக் காலையில இருந்து காத்துட்டு இருக்கறேன்!"

"தண்ணி எங்க இருக்குதோ அங்கதான் புள்ள இருக்கும்" என்றார் பாவாயம்மா, இடுப்பில் இருந்தவளை இன்னும் இறுக்கிக்கொண்டு. "மொதல் நா பேசுன பேச்சு அதுதான். இன்னிக்குச் சால் எங்களுது, புள்ளையும் எங்களுது. நேத்து நீங்க கண்ணாலத்துக்குப் போனா அதுக்கு நானா பொறுப்பு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஆபீசர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் அவரை இருவரும் பார்த்தார்கள்.

"ஆருங்க இவரு?"

"ஹெல்த் ஆபீசருங்க."

"இந்த நர்ஸ் உங்களை வற்புறுத்திப் பிள்ளையைப் பார்த்துக்கச் சொன்னாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றார் அவர்.

பாவாயம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்களையா? எங்க மாமனாருக்கே நான் பயந்ததில்லீங்க. மொத நா வாசல்ல நின்னு ஒரு மடி குடுன்னாங்க, குடுத்தேன். நெசம்தான். அதுக்கப்புறம் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. அதை உடுங்க. நீங்க படிச்சவரு. நாயத்தைச் சொல்லுங்க. தண்ணி முறை மாறினா புள்ள முறையும் மாறுமா, மாறாதா?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் எருதைப் பார்த்தேன். அவர் எத்தனையோ விசாரணை நடத்தியவர். இந்தக் கேள்விக்கு எந்த மானுவலிலும் பதில் இருந்திருக்காது.

"அது... அந்தம்மா கூழ் வேற காய்ச்சி வெச்சிருக்காங்க. இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் அவங்க வெச்சுக்கட்டுமே" என்றார் மெதுவாக.

"அப்படிச் சொல்லுங்க!" என்று முத்தாயி பொன்னியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். பாவாயம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எருது ஓட்டுகிறவரைக் காரணமில்லாமல் திட்டினார்.

திரும்பி நடக்கும்போது ஆபீசர் சொன்னார்: "புகார்ல உண்மை இல்லைன்னு எழுதிடறேன்."

"உண்மை இருக்கு சார். நான் கேட்டேன்னே எழுதுங்க" என்றேன். "பெத்தவ உதவி கேக்கறது குத்தம்னா அதையும் சேர்த்து எழுதுங்க. நான் நாளைக்கும் கேப்பேன், அடுத்த ஊருக்கு மாத்தினா அங்கயும் கேப்பேன்."

அவர் என்ன எழுதினாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. வேலை நிலைத்தது. என்னை அந்த ஊரை விட்டு மாற்றவும் இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு, அதிலும் வீட்டில் பொன்னி மாதிரிப் பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'ஐயோ பாவம்' என்று வருகிறவர்களிடம் நின்று பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். என்ன வேண்டும் என்று உடைத்துக் கேளுங்கள். எந்த நேரம், எவ்வளவு நேரம், கழுத்தை எப்படித் தாங்க வேண்டும், கூழை எப்படி ஊட்ட வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். வாசலில் நின்று கேளுங்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு கேளுங்கள். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்குவார்கள். வாங்கட்டும். கைக்கு வந்த பிள்ளை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்கு ஆபீசரை அனுப்பிவிட்டு நான் கிணற்றுமேட்டுக்குத் திரும்பிப் போனேன். கேஸ் ஒன்றும் இல்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முத்தாயி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"பொழுது எறங்கட்டுமுங்க நர்சம்மா. அதுவரைக்கும் எங்க முறை."